பெரிய வெள்ளியில் காய்ந்த வேட்டி

புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட முப்பதுகளில் நான் போலீசில் துப்பறியும் வேலை பார்த்தேன். யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது வரை எனக்குத் தெரியும் என்று பீற்றிக்கொள்வேன். அந்தப் பீற்றலெல்லாம் ஒரு வேட்டியில் கவிழ்ந்தது.

அம்மா போனபோது எனக்கு ஆறு வயது. அக்காள்தான் என்னை வளர்த்தாள். அவள் புருஷன், என் மாமா, நல்ல மனிதர். ஆனால் மூக்குக்கு மேல் கோபம்.

எங்கள் கோயிலில் பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் திருவுடல் சுரூபத்தைத் தூம்பா என்கிற சவப்பெட்டியில் கிடத்தி வீதிகளில் தூக்கி வருவார்கள். அதன் முன்தண்டு யார் தோளுக்கு என்பதில் வருஷம் தவறாமல் சண்டை வரும். அந்த வருஷம் மாமாவுக்கும் எதிர்வீட்டுக் கொத்தனாருக்கும். பெரிய வியாழன் சாயங்காலம் கோயில் வாசலிலேயே மாமா கை நீட்டிவிட்டார். கொத்தனாருக்கு உதடு கிழிந்தது. நான்தான் நடுவில் புகுந்து பிரித்துவிட்டேன். பிறகு அக்காள் வீட்டில் அவசரமாக உடுப்பு மாற்றிக்கொண்டு வேலைக்கு ஓடினேன். மறுநாள் காலை கொத்தனார் தன் வீட்டுக் கொல்லையில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார்.

ஊரே மாமாவைத்தான் சொன்னது. என் மேலதிகாரி கொமிசேர் துரை என்னையும் கூட்டிக்கொண்டு அக்காள் வீட்டுக்கு வந்தார். வீட்டைப் புரட்டினோம், ஒன்றும் அகப்படவில்லை. துரை புறப்படத் தொப்பியைக்கூட எடுத்துவிட்டார். அப்போதுதான் பின்கட்டுக் கயிற்றில் ஓர் ஈர வேட்டி தொங்குவதைப் பார்த்தேன்.

துரைக்கு அது வெறும் ஈர வேட்டி. எனக்கு அப்படியில்லை. பெரிய வெள்ளியில் எங்கள் வீடுகளில் துணி துவைக்க மாட்டார்கள். துவைத்தால் தண்ணீர் ரத்தமாகும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவளே அக்காள்தான்.

“அக்கா, இன்னிக்கி யாரு துணி தொவச்சது?”

“நான்தான்.”

“பெரிய வெள்ளியிலயா?”

“அழுக்கா இருந்துது. தொவச்சேன்.”

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிபடவில்லை. பேசாமல் வெளியே வந்திருக்கலாம். கடமை என்று சொன்னேனா, துரை முன்னால் கெட்டிக்காரனாக வேண்டும் என்று சொன்னேனா, இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. இன்று எங்களவர் துணி துவைக்காத நாள் என்று துரையிடம் சொல்லிவிட்டேன். துரை என் தோளைத் தட்டினார். வேட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டோம், மாமாவையும் அழைத்துக்கொண்டு போனோம். அக்காள் வாயே திறக்கவில்லை. அந்த வருஷம் முன்தண்டை வேறு யாரோ தூக்கினார்கள்.

சனிக்கிழமை காலை போலீஸ் கச்சேரியில் வேட்டியை விரித்துப் பார்த்தேன். ஓரத்தில் சேங்கொட்டை மையில் போட்ட வண்ணான் குறி இருந்தது. இரண்டு புள்ளி, ஒரு கோடு. அக்காள் வீட்டுக் குறி மூன்று புள்ளி. இரண்டு புள்ளியும் கோடும் என் வீட்டுக் குறி.

நான் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போன வேட்டி! சண்டையை விலக்கும்போது கொத்தனாரின் உதட்டு ரத்தம் அதில் பட்டிருக்க வேண்டும். அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. ஊர்த்துணியையெல்லாம் மோப்பம் பிடிப்பவனுக்குத் தன் துணி தெரியவில்லை.

உடனே துரையிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். காகிதத்தை எடுத்து எழுதினேன், கிழித்தேன். திரும்ப எழுதினேன். ‘என் வேட்டி’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. சொன்னால் சந்தேகம் என்மேல் திரும்புமோ? சொல்லாவிட்டால் மாமா கதி? அக்காள் துணியைக் காட்டிக்கொடுக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என் துணிக்கு ஒரு நாள் முழுக்கப் போதவில்லை. வேட்டியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். வெட்கக்கேடு.

உயிர்ப்பு ஞாயிறு காலையில் உழவர்கரையில் கொத்தனாரின் பங்காளி ஒருவன் பிடிபட்டான். பாகப்பிரிவினைத் தகராறில் அடித்துக் கொன்றதாக ஒப்புக்கொண்டான். மாமாவை விட்டுவிட்டார்கள். வேட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அன்று பிற்பகல் அதை எடுத்துக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“இது என் வேட்டிக்கா.”

“தெரிஞ்சிதான் தொவச்சேன். கீழ்க்கரையில ரத்தம். எதிர்வூட்ல பொணம். நீயும் சண்டையில இருந்தன்னு சொன்னாங்க. நான் என்னன்னு நெனைப்பேன்?”

“நான் பண்ணியிருப்பேன்னா நெனச்ச?”

“நெனச்சேன்.”

“என்னக் கேட்டிருக்கலாமே.”

“கேக்கத் தோணல. மறைக்கணும்னுதான் தோணிச்சி.”

வேட்டியை நீட்டியபடியே கேட்டேன். “மாமாவ இட்டுனு போனப்பகூடச் சொல்லலியே?”

“சொன்னா உன்னயில்ல புடிப்பாங்க?”

மாமாமேல் பழி இல்லை என்று நினைத்துக்கொண்டேதான் அவரை அனுப்பியிருக்கிறாள். எனக்காக. அவள் வேட்டியை வாங்கி, கரையோடு கரை சேர்த்து மடித்து, என் மடியில் வைத்தாள்.

“ரத்தத்தப் பாத்துட்டு நான் வாயத் தொறக்கல. ஈரத்தப் பாத்துட்டு நீ தொரையக் கூப்புட்ட.”

அழுகை முட்டியது, ஆனால் அவள் முன் அழ எனக்கு என்ன யோக்கியதை? உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. மாமா தூங்கவில்லை. நாங்கள் பேசியது முழுவதும் அவர் காதில் விழுந்திருந்தது.