மச்சானின் மணிக்கட்டில் கிடந்த கோடு

சென்ற வருடம் வைகாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று எழும்ப முன்னர் திரும்பிவிடலாம் என்று காலை ஆறு இருபதுக்கே சல்லிக் கரையிலிருந்து வள்ளத்தில் புறப்பட்டோம். நான், என் தங்கையின் கணவர், வள்ளமோட்டி, மூன்றே பேர்.

மச்சான் பதினெட்டு வருடமாகச் சிலிண்டர் கட்டிச் சங்கு குளிப்பவர். நான் திருகோணமலை நகரத்தில் கந்தோரில் மேசை வேலை பார்ப்பவன். நாற்பத்தெட்டு வயதில் ஆசைப்பட்டு நிலாவெளியில் சுழியோடப் பழகினேன். அப்போது வாங்கியதுதான் மணிக்கட்டில் கட்டும் சுழியோடிக் கணினி. பார்வைக்குத் தடித்த கைக்கடிகாரம். எத்தனை மீற்றர் ஆழத்தில் நிற்கிறோம், இறங்கி எத்தனை நிமிடம், இன்னும் எவ்வளவு நேரம் ஆபத்தில்லாமல் நிற்கலாம் என்று காட்டிக்கொண்டே இருக்கும். வேகமாக மேலே வந்தால் கத்தும்.

அன்று எனக்குத் தடிமன், மூக்கடைப்பு. தடிமனோடு இறங்கினால் காது தாங்காது. ஆகவே கணினியை மச்சானின் கையில் கட்டினேன். அவர்மேல் உள்ள அக்கறையால் கட்டினேன் என்று சொன்னால் அது பொய். அவர் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார். இரண்டு கைகளையும் விரித்த அகலம், அதாவது ஆறு அடி, ஒரு பாகம். அந்தப் பாகம் எவ்வளவு சரி என்று பார்த்து நாட்குறிப்பில் எழுத விரும்பினேன். இருபத்தாறு வருடமாக ஒரு நாளும் விடாமல் எழுதுகிறேன்.

“கடலுக்கை நான் ஆருக்கு நேரம் சொல்லுறது, மச்சான்?” என்று கேட்டபடியே கையை நீட்டினார்.

பத்துப் பாகம் என்று சொல்லிவிட்டு இறங்கினார். பை நிறைந்ததும் மேலே வருவார். நான் குனிந்து வாங்கிச் சங்குகளை வள்ளத்தில் கொட்டி, வெறும் பையை நீட்டுவேன். வாங்கியதும் மறுபடி மறைந்துவிடுவார். சிலிண்டரில் காற்று முடிந்தபின் வள்ளத்தில் ஏறிப் பால் விடாத பிளேன்ரீ குடித்தார். பிறகு இரண்டாவது சிலிண்டர். அதுவும் முடிந்து ஏறியபோது, “உந்தச் சாமான் மேல வரேக்கையெல்லாம் கத்துது. பசியாக்கும்” என்றார். வள்ளமோட்டி சிரித்தார். நானும் சிரித்தேன்.

திரும்பும் வழியில், கணினியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டு, மச்சான் சொன்னபடியே நாட்குறிப்பில் எழுதினேன்: இரண்டு இறக்கம், பத்துப் பாகம், அதாவது பதினெட்டு மீற்றர் சொச்சம்.

அன்புவழிபுரத்தில் தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மச்சானின் தோள் வலிக்கத் தொடங்கியது. சுளுக்கு என்று தங்கை தைலம் தேய்த்தாள். அரை மணித்தியாலத்தில் இடது கால் விறைத்தது. கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தவர் சரிந்து சுவரைப் பிடித்தார். அவர் முகத்தில் முதன்முறையாகப் பயத்தைக் கண்டேன். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கிருந்த பெண் டொக்டர் எத்தனை தரம், எவ்வளவு ஆழம் என்று கேட்டார். நான் நாட்குறிப்பைத் திறந்து வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் நேரமும் சொன்னேன். அவர் யோசித்தார். இந்தக் கணக்குப்படி கடலில் இறங்கியதால் வந்த வருத்தமாகத் தெரியவில்லை, முள்ளந்தண்டைப் படம் எடுத்துப் பார்ப்போம் என்றார். என் பதிவு உதவியது என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நாடி பார்க்க மச்சானின் கையைத் தூக்கியவர் கணினியைக் கண்டார். நாங்கள் அதைக் கழற்ற மறந்திருந்தோம். இது என்ன சொல்கிறது என்று கேட்டார். பொத்தானை அழுத்திக் காட்டினேன். அதிலும் இரண்டு பதிவுதான். பார்த்தீர்களா என்பதுபோல் நிமிர்ந்தேன். அவர் உள்ளே திறக்கச் சொன்னார். சில நிமிடம் மட்டும் மேலே வந்து போனால் கணினி அதையும் ஒரே பதிவாகவே சேர்த்துக்கொள்ளும்; ஆனால் ஒவ்வொரு பதிவுக்குள்ளும் ஒரு கோடு. ஈர்வாளின் பல்லுப்போல் விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து போயிருந்தது. டொக்டர் பேனா முனையால் எண்ணினார். முதலாவதில் கீழ்நோக்கிய ஆறு முனை, இரண்டாவதில் ஐந்து.

“ரெண்டு இல்லை. பதினொரு தரம் ஏறி இறங்கியிருக்கிறார்.”

மச்சான் கட்டிலில் கிடந்தபடியே மறுத்தார். “ரெண்டு சிலிண்டர்தானே டொக்டர்? ரெண்டு தரம்தான் இறங்கினனான்.”

அவர் பொய் சொல்லவில்லை. சங்கு குளிப்பவர்களுக்கு ஒரு சிலிண்டர் என்றால் ஒரு இறக்கம்; நடுவில் பை கொடுக்க வருவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் பதினொரு பைகளையும் வாங்கியது என் கை. ஆழத்தில் உடம்பில் கரைந்த காற்று, விரைந்து மேலே வந்தால் சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் குமிழியாகக் கிளம்பும் என்று நிலாவெளியில் எனக்குப் படிப்பித்தும் இருந்தார்கள். அப்படியிருந்தும் அவர்கள் வழக்கப்படி ‘இரண்டு’ என்று எழுதினேன்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. ஒட்சிசன் முகமூடி வைத்து, அழுத்தக் காற்று அடைக்கும் இரும்பு அறைக்கு அவரைக் கொண்டுபோனார்கள். காற்றை ஏற்றி, அவரைக் கடலுக்குள் இருப்பதுபோல் வைத்து, மெல்ல மெல்ல மேலே கொண்டுவருவார்களாம். ஐந்து மணித்தியாலம். சின்ன வட்டக் கண்ணாடி வழியாகத் தங்கை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கையிலிருந்த கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் பார்க்காத இடத்தில், யாரிடமும் கேட்காமல், நொடிக்கு நொடி ஒரு மனிதனின் ஏற்ற இறக்கத்தை எழுதி வைத்திருந்தது ஒரு சின்னப் பெட்டி. அதன் முன் என் இருபத்தாறு நாட்குறிப்புகளும் மிகச் சிறியனவாகத் தெரிந்தன.

கதவு திறந்தது. மச்சான் இரண்டு கால்களையும் ஊன்றி, தானே நடந்து வந்தார். தங்கை அழுதாள். அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“பத்துப் பாகம் சரியோ, மச்சான்?”

பார்த்துச் சொன்னேன். பதினெட்டு தசம் மூன்று மீற்றர். பத்துப் பாகத்துக்கு ஒரு விரற்கடைகூடப் பிசகவில்லை.

இன்றும் அவர் சங்குக்குப் போகிறார். பையைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பிவிட்டு, இரண்டு சிலிண்டருக்கும் இரண்டே தரம்தான் இறங்குகிறார். அவர் விரித்த கையும் அந்தக் கருவியும் ஒத்துப்போன கடலில் பிழை விட்டது என் பேனா மட்டுமே என்பதால், எந்த எண்ணையும் எழுதுமுன் அந்தப் பதினொரு முனைகளையும் ஒருமுறை மனதில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.