நீவக் கூடாத கால்

பிரசவமான இரண்டாவது வாரம், ஒரு காலையில் இடது காலை மடக்க முடியவில்லை. கெண்டைக்காலுக்குள் கயிற்றை முறுக்கி விட்டாற்போல் வலித்தது. மாலைக்குள் தொடைவரை வீங்கிவிட்டது. தோல் வெளுத்துப் பளபளவென்று இழுத்துக்கொண்டது. குழந்தைக்குப் பால் கொடுக்க ஒருக்களித்தபோது அந்தக் கால் என்னுடன் வரவில்லை. கையால் எடுத்து வைத்தேன்.

குளத்தூருக்குப் பக்கத்தில் என் தாய்வீடு. எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளை லேசில் எழுந்திருக்க விட மாட்டார்கள். கால்களைச் சேர்த்து வைத்துப் படுத்தே கிடக்க வேண்டும். நானும் அப்படியே கிடந்தேன்.

"வாயு எறங்கியிருக்கு தாயி. நீவி விட்டாச் சரியாப் போயிரும்" என்றாள் ஆத்தா. என் தாயை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். விளக்கெண்ணெயைச் சூடாக்கி, பாதத்திலிருந்து தொடைவரை நீவினாள். இதமாக இருந்தது. இதைப் படிக்கும் தாய்மார்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். இதமாக இருப்பது எல்லாம் நல்லதாக இருந்துவிடாது.

காய்ச்சல் வந்த பிறகுதான் என் கணவர் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். லேடி டாக்டர் இரண்டு கால்களையும் நாடாவால் சுற்றி அளந்தார். காலை யாராவது தேய்த்தீர்களா என்று கேட்டார்.

"நாந்தான் நீவினேன்" என்றாள் ஆத்தா, பெருமையாகவே.

டாக்டர் திட்டவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போர்வையின்மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். இதயம் அழுத்தித் தள்ளும் இரத்தம் தமனி (இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோகும் குழாய்) வழியாகக் கால்வரை வந்துவிடும். திரும்ப மேலே ஏற வேண்டியது சிரை (இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்) வழியாக. வந்த வேகம் அதற்குள் குறைந்துவிடும். நடக்கும்போது கெண்டைக்காலின் தசை இறுகிச் சிரையைப் பிழிந்து மேலே அனுப்பும். ஏறியது கீழே இறங்காமலிருக்கச் சிரைக்குள் சிறு சிறு கதவுகள் உண்டு. அவை மேல்பக்கம் மட்டுமே திறக்கும். அசையாமலே கிடந்தால் இரத்தம் தேங்கும். பிள்ளை பெற்ற உடம்பில் இரத்தம் சீக்கிரம் உறையும். எனக்கு உறைந்துவிட்டது. இனி யாரும் காலைத் தேய்க்கக் கூடாது, சொல்லும்வரை நான் கட்டிலைவிட்டு இறங்கவும் கூடாது என்றார்.

ஆத்தாவுக்குக் கோபம் வந்தது. "பசு கன்னு போட்டுட்டு அன்னைக்கே எந்திரிச்சுப் போவுது. அதுக்கு எந்த டாக்டரு வந்து பாத்தாரு?"

"அது எந்திரிச்சுப் போவுதுல்லம்மா? ஒங்க மகள நீங்க எந்திரிக்க விட்டீங்களா?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். ஆத்தா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

எனக்கு ஒரு சந்தேகம். "படுத்துக் கெடந்ததால வந்துச்சுங்கிறீங்க. இப்பவும் படுன்னுதானே சொல்றீங்க, டாக்டரம்மா?"

"ஒறைஞ்சது இப்பப் புதுசு. கொழாய்ல நல்லா ஒட்டலை. கொஞ்சம் பிச்சுக்கிட்டா, மேலே ஏறி, இதயத்துக்குள்ள போயி, நுரையீரல்ல அடைச்சுக்கும். அது ஒட்டுற வரைக்கும் படுங்க. அப்புறம் நான் நடக்கச் சொல்லுவேன்."

"அடைச்சுக்கிட்டா?" என்றார் என் கணவர்.

டாக்டர் என் பக்கத்தில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். "அதனாலதான் யாரும் தேய்க்கக் கூடாதுங்கிறேன்."

இரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஊசி திருச்சியிலிருந்து வந்தது. காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தார்கள். பயமாக இருந்ததா என்று பின்னால் பலர் கேட்டார்கள். பயம்கூட இல்லை. மரக்கட்டை ஒன்றை என் பக்கத்தில் படுக்க வைத்திருப்பதுபோல் இருந்தது. இருமல் வந்தால் மட்டும், உறைந்தது நுரையீரலுக்கு ஏறிவிட்டதோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன்.

ஒரு பிற்பகல், நர்ஸ் வெளியே போயிருந்த நேரம், ஆத்தா முந்தானைக்குள்ளிருந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள்.

"வேணாம், ஆத்தா."

"ஒரு சொட்டுதான். பெத்தவ கை பட்டா என்னா ஆயிரும்?"

உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிவிட்டாள். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. டாக்டரை எனக்குச் சில நாட்களாகத்தான் தெரியும். ஆத்தா சொல்லை நான் மீறியதே கிடையாது. நான் தடுத்து, டாக்டர் சொன்னது தவறாக இருந்தால் அவள் மனம் மட்டும் வீணாக நோகும். தடுக்காமல் விட்டு, அது சரியாக இருந்தால், அவள் கையாலேயே நான் போய்விடுவேன். பிறகு இந்தப் பிள்ளையை அவள்தான் வளர்ப்பாள், ஒவ்வொரு நாளும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு.

"தொட்டா சத்தம் போட்டு நர்ஸைக் கூப்பிட்டுருவேன்."

"பெத்தவளப் புடிச்சுக் குடுப்பியாக்கும்?"

"குடுப்பேன்."

 ஆத்தா கீழே உட்கார்ந்து, கையிலிருந்த எண்ணெயைத் தன் முழங்காலிலேயே தேய்த்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டேன்.

டாக்டர் சொன்னபடி வீக்கம் வடிய ஆரம்பித்ததும் நடக்க வைத்தார்கள். அடைபட்ட சிரை முழுதாகத் திறக்காமலே போகலாம் என்றார். அதைச் சுற்றியுள்ள சிறு குழாய்கள் பெருத்து வழி கொடுக்குமாம். தொடையில் இப்போது நீல நரம்புகள் கிளைவிட்டுத் தெரிகின்றன. காலையில் தரையில் கால் வைக்கும் முன்பே, விரலிலிருந்து முழங்கால்வரை துணிப்பட்டையைச் சுற்றிக்கொள்கிறேன். அதை அவிழ்க்கும்போது கணுக்காலில் விரலால் அழுத்தினால் விழும் குழி மறுபடி மேடாக நேரமாகிறது. அந்த நேரம்தான் அன்று நான் எவ்வளவு நின்றேன் என்பதற்குக் கணக்கு.

ஆபத்து நீங்கியது என்று யாரும் ஒரு நாளைக் குறித்துச் சொல்லவில்லை. அது எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியாது. போய்விட்டதா என்றும் சில சமயம் யோசிக்கிறேன்.

குழந்தைக்கு இப்போது இரண்டு வயது முடிந்துவிட்டது. விழுந்து அழுதால் மற்ற தாய்மார்களைப்போல் என்னால் ஓட முடியாது. முதலில் நிமிர்ந்து உட்கார வேண்டும். பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும். இரத்தம் ஏறட்டும் என்று கொஞ்சம் பொறுத்துத்தான் எழ வேண்டும். அதற்குள் அவள் அழுகையை நிறுத்திவிடுகிறாள். தரையில் உட்கார்ந்தபடி, என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறாள்.