கழுத்துக் கறுப்பு

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சாப்பாடு பரிமாறுகிறேன். ஷிப்ட் தொடங்கும் முன் சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிறுத்தி நகம், தொப்பி, கழுத்து எல்லாம் பார்ப்பார். போன கோடையில் ஒருநாள் என் பின்னால் வந்து நின்றார்.

"அண்ணே, இன்னா இது? கழுத்துல இம்மாம் அழுக்க வெச்சிகினு சோறு போடுவியா? குளிக்கிறியா இல்லியா?"

"அவரு வூட்ல தண்ணி பஞ்சம் சார்," என்றான் சாம்பார் ஊற்றுகிறவன். எல்லாரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் என்னைத் தட்டு கழுவும் இடத்துக்கு அனுப்பினார். நான் இரண்டு வேளை குளிப்பவன்.

கண்ணாடியில் பார்த்தேன். கழுத்து மடிப்பில் மை பூசினாற்போல் இருந்தது. சோப்புக்குப் போகவில்லை. தொழிற்சாலையில் மெஷின் லைனில் வேலை செய்பவர்கள் கையிலுள்ள கிரீஸ் போக ஒரு பசை தேய்ப்பார்கள். மணல் மாதிரி நறநறவென்றிருக்கும். குழாயடியில் ஆள் இல்லாதபோது அதை அள்ளிக் கழுத்தில் தேய்த்தேன். தோல்தான் உரிந்தது. தட்டு கழுவும் வெந்நீர் ஆவியில் வியர்வை இறங்கியதும் எரிச்சல் தாங்காமல் முதலுதவி அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

அங்கிருந்த நர்ஸ் சின்னப் பெண். மருந்து தடவிவிட்டு, கறுப்பை உற்றுப் பார்த்தாள், பிறகு அளவெடுக்கும் டேப்பை என் இடுப்பில் சுற்றினாள். நான் வயிற்றை உள்ளே இழுத்தேன்.

"மூச்ச விடுங்கண்ணா. டேப்ப ஏமாத்தி இன்னா ஆவப்போவுது?" என்றாள். "இது அழுக்கு இல்ல. வயித்துக் கொழுப்பு கரைஞ்சு ரத்தத்துல கலந்துகிட்டே இருந்தா இன்சுலின் சரியா வேல செய்யாது. ஈடுகட்ட உடம்பு இன்சுலின இன்னும் ஜாஸ்தியா சுரக்கும். அதான் தோல கறுப்பாக்குது."

"எப்பவும் உடம்பு சூடாவே கீதே, அதுவும் இதனாலயாம்மா?"

"தோலுக்கடியில கொழுப்பு கம்பளி மாதிரி இருக்கு, சூடு சீக்கிரம் வெளிய போவாது. எரிஞ்சு சூடு குடுக்கற கொழுப்பு வேற. அது கைக்கொழந்தைங்களுக்குத்தான் நெறைய. சாப்பாட்டுக்கு மேல இன்னா சாப்பிடுவீங்க?"

மிஞ்சிய கேசரியை நின்றபடியே வழித்துத் தின்பது கேன்டீனில் எங்கள் வழக்கம்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றேன்.

என் சட்டையில் மஞ்சளாக ஒட்டியிருந்ததை அவள் பார்த்தாள்.

"சுகர் டெஸ்ட் எடுக்கணும். சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்றேன்."

"சுகரெல்லாம் வேணாம்மா. தினம் குளிக்கிறவன்னு மட்டும் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. அங்கேயே போன் போட்டாள். "சார், அது அழுக்கு இல்ல. அண்ணன் தினமும் குளிக்கிறவருதான்."

ஐம்பதை நெருங்கும் ஆள் குளிக்கிறான் என்று மகள் வயதுப் பெண் சாட்சி சொல்கிறாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்து நின்றேன். துணி பட்டு எரிந்தது.