பெரிய வெள்ளியன்று தின்ற நான்கு பிஸ்கட்

ஏலாக்குறிச்சி மரிய செல்வம் சார் முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு சர்க்கரையும் வந்தது, இன்சுலின் ஊசியும் வந்தது. மனிதர் சும்மா இருப்பாரா? 'சர்க்கரைச் சொந்தங்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்துவிட்டார். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து நோயாளிகள் இருநூறு பேர் அதில் இருக்கிறார்கள்.

காலை ஆறு மணிக்கு விரலைக் குத்திப் பார்த்து, மெஷினில் வந்த எண்ணைப் படம் பிடித்துப் போடுவார். ஊசியை நிறுத்து, இந்த வேரைக் காய்ச்சிக் குடி என்று எவராவது எழுதினால் அன்றைக்கே வெளியேற்றிவிடுவார். பள்ளிக்கூடத்து அதட்டல் அவரை விட்டுப் போகவில்லை. ஆனால் யாருக்குக் காலில் புண் என்றாலும் முதல் போன் அவருடையதுதான். அதனால் அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஏப்ரலில் பெரிய வெள்ளி வந்தது. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும், வழக்கம்போல் ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் ஒருசந்தி நோன்பு இருந்தார். சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளிலும் ஜெபப் புத்தகத்தை வாசித்து நடத்துவது அவர்தான். ஏழாம் நிலையில் சர்க்கரை இறங்கி எழுத்து மங்கியது. வாசிப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்று, பையிலிருந்த பிஸ்கட்டில் நான்கைத் தின்றார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஒன்பதாம் நிலையில் சேர்ந்துகொண்டார்.

அன்று மாலை குரூப்பில் எழுதினார்: 'ஊசியும் போட்டேன், ஒருசந்தியும் இருந்தேன். இப்போது 112. மனமிருந்தால் முடியும்.' நூறு பேர் கும்பிட்டார்கள். பிஸ்கட்டைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. ஊருக்கு முன்னால் நோன்பு முறித்தவன் என்று ஆக அவருக்கு வெட்கம்.

ஆடி மாதம் மூன்றாம் வெள்ளி. பாடாலூர் பக்கத்து ஆண்டாயி மயங்கி விழுந்து பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று குரூப்பில் செய்தி வந்தது. குரூப்பில் இருப்பவள்தான்; ஐம்பத்தெட்டு வயதுக்காரி, மூன்று வருடமாக ஊசியில் இருப்பவள். அவள் மருமகள் ஜெயசுதா குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

"அத்தை காலையில ஊசிய போட்டுட்டு, மாரியம்மனுக்குக் கூழு ஊத்துற வரைக்கும் பச்சத்தண்ணி கூட குடிக்கலங்க. வேணாம்னு நான் எவ்வளவோ சொன்னேன். சாரே இப்படித்தான் இருந்தாருன்னு போனத் தூக்கிக் காட்டுனாங்க. இன்னும் கண்ணு முழிக்கல."

அவள் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். மரிய செல்வம் சார் அந்தப் பதிவை மறுபடி மறுபடி கேட்டார். வேர் விற்றவனையெல்லாம் விரட்டியவர், தானே ஒருத்தியைக் கொல்லப் பார்த்தோமே என்று உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில்தான் ஆண்டாயி கண் திறந்தாள், பேசுகிறாள் என்று செய்தி வந்தது.

எல்லாரும் அம்மனுக்கும் மாதாவுக்கும் நன்றி சொன்னார்கள். அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். அவர் சமையற்கட்டுக்குப் போய் மனைவி ஆனி ரோஸிடம் பிஸ்கட் விஷயத்தைச் சொன்னார்.

"நாலு கொறைஞ்சிருந்தத அன்னைக்கே பாத்துட்டேன்," என்றாள் ஆனி ரோஸ். "பையில வச்சதே நான்தானே. எங்கிட்ட சொல்லி என்ன, குரூப்புல சொல்லுங்க."

எழுதி எழுதி அழித்தார். கடைசியில் குரலிலேயே பேசினார். நான்கு பிஸ்கட்டையும் வேப்பமரத்தையும் சொன்னார். ஊசி போடுகிறவர்கள் தன்னைப் பார்த்து எதையும் செய்யவேண்டாம், டாக்டரைக் கேளுங்கள் என்றார். குரூப்பை வேறொருவர் நடத்தட்டும் என்று முடித்தார்.

அனுப்பிய கையோடு அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அரை மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஆண்டாயியின் குரல் வந்தது.

"குரூப்ப நீங்களே பாருங்க சார். ஆனா அந்த நாலு பிஸ்கட்டயும் அன்னைக்கே சேத்துச் சொல்லியிருந்தா, நானும் ரெண்டு தின்னுட்டுப் போயி ஆத்தா கால்ல வுழுந்திருப்பேன். அவ கோவிச்சுக்க மாட்டா."