பதினொன்று நாற்பதுக்கு வந்த மெயில்

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது அனுசுயா கைப்பையிலிருந்து செல்ஃபோனை எடுத்துவிடுகிறார். திரையில் வரிவரியாக ஆங்கில எழுத்துகள். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, உதடு லேசாக அசையப் படித்துக்கொண்டு போகிறார். ஏதோ ஸ்தோத்திரம் சொல்கிறார் என்று நினைத்துப் பக்கத்து சீட் பெண்மணி ஒருநாள் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார். "பதினாலு நிக்குது" என்றார் அனுசுயா, யாரிடமும் இல்லாமல். ஓயாமாரி சுடுகாடு தாண்டும்போது "ஒம்போது" என்றார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தார். "ரெண்டு இன்னும் போகலைங்க. நீங்க போங்க" என்று, பக்கத்து வீட்டிலிருந்து கூடவே வரும் என்னை அனுப்பிவிட்டார்.

நின்றுகொண்டிருப்பவை மெயில்கள். தில்லைநகரில் எட்டுப் பேர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனியின் சர்வருக்கு வந்து, உரியவருக்குப் போய்ச் சேரக் காத்திருப்பவை. திருச்சியில் உள்ள பள்ளிக்கூடங்கள், கிளினிக்குகள், சின்னச் சின்ன ஆபீஸ்கள் என்று இருநூறு இடங்களுக்கு அந்தக் கம்பெனிதான் மெயில் வசதி செய்து தருகிறது. வருகிற மெயிலை வாங்கி வரிசையில் நிறுத்தும் பிளகின்களை எழுதுவது அனுசுயா. பிளகின் என்றால் சர்வரோடு ஒட்டவைக்கிற ஒரு சின்ன புரோகிராம். எங்கள் தெருவில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "தபால் ஆபீஸ்ல தபால் பிரிக்கிற வேலைன்னு வச்சுக்குங்க" என்பார்.

முப்பத்தொன்பது வயது. அப்பா திருவெறும்பூர் ஃபேக்டரியில் ஃபிட்டர், குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அனுசுயா சாப்பாட்டு டப்பாவை மூடிய பிறகு ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பார். வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். அவரிடம் இன்னொரு விசேஷம், எதற்கும் "சரி" சொல்லமாட்டார். நான் ஊருக்குப் போகும்போது, பால் வந்தால் வாங்கி வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனால், பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். காலை ஆறே காலுக்கு எனக்கு மெசேஜ் வரும்: "பால் ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

இந்த வழக்கம் பிறவியிலேயே வந்ததல்ல. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

அதற்கு நாலு மாதம் முன்பு, பள்ளிக்கூட அட்மிஷன் சமயத்தில், சர்வர் மெயிலை வாங்கத் திணறியது. வாடிக்கையாளர்கள் சத்தம் போட்டார்கள். அனுசுயா புதிதாக ஒரு பிளகின் எழுதினார். வருகிற மெயிலை முதலில் மெஷினின் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாக டிஸ்க்கில் எழுதும். திணறல் அன்றே நின்றுபோனது. முதலாளி கலையரசன் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

"'வாங்கிட்டேன்'னு நம்ம சர்வர் சொன்னா, அனுப்புன சர்வர் அதோட மறந்துரும். அப்புறம் அந்த மெயிலுக்கு நாமதான் பொறுப்பு. அதனால எழுதி வச்சுட்டுத்தான் சொல்லணும். புஸ்தகத்துலயே முதல் பக்கத்துல இருக்கு. நான் சொல்லிட்டு எழுதினேன்." இதை அனுசுயா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு சொல் மாறாமல், ஒரே குரலில்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று நாற்பத்தொன்றுக்குக் கரண்ட் போனது. யூ.பி.எஸ். பேட்டரியும் கைவிட்டது. ஞாபகத்தில் இருந்த முப்பத்தேழு மெயில்கள் போய்விட்டன. அனுப்பியவர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்ற பதில் ஏற்கெனவே போயிருந்தது. யார், யாருக்கு, எத்தனை மணிக்கு என்ற விவரம் மட்டும் வேறொரு மெஷினில் தங்கியிருந்தது. மத்தியானத்துக்குள் அனுசுயா பிளகினைத் திருத்திவிட்டார். "ரெண்டு வரிங்க. மேல இருந்தத கீழ போட்டேன். அவ்வளவுதான்."

முப்பத்தேழு பேருக்கும் உடனே எழுதிவிடலாம் என்று கலையரசனிடம் கேட்டார். கலையரசன் கெட்டவர் இல்லை, பயந்தவர். "இப்ப எழுதுனா பாதிப் பேரு ஓடிருவாங்கம்மா. ஒவ்வொருத்தர்கிட்டயா நானே பக்குவமா பேசிக்கிறேன். திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்க" என்றார்.

"சரிங்க சார்" என்றார் அனுசுயா.

திங்கட்கிழமை வரை கலையரசன் யாரிடமும் பேசவில்லை. அனுசுயா பட்டியலை ஒரு தாளில் எடுத்துக்கொண்டு, கேட்காமல் கிளம்பிவிட்டார். உள்ளூரில் மெயில் போய்ச் சேராத இடங்களுக்கெல்லாம் ஸ்கூட்டரில் போனார். பெரும்பாலும் ஒன்றும் நேரவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில், அது விளம்பர மெயிலாக இருக்கும் என்று சிரித்தார்கள். ஒரு டாக்டர் காபி கொடுத்தார். ஆறாவதாகப் போனது பாலக்கரையில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் ஜெகபர் அலியின் ஆபீஸ். வளைகுடாவில் மாட்டிக்கொண்ட தொழிலாளர்களுக்கு மனு எழுதி, தூதரகத்தில் பேசி, ஊருக்குக் கொண்டுவருவது அவர் வேலை.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "இது அங்க மாட்டிக்கிட்ட மணப்பாறை பிச்சமுத்துவோட ரூம்ல இருக்கறவரோட மெயில் ஐடி. பிச்சமுத்துகிட்ட ஃபோன் கிடையாது."

விசா முடிந்தும் தங்கிவிட்டவர்கள் தண்டனையில்லாமல் ஊர் திரும்பலாம் என்று பிச்சமுத்து இருக்கும் நாட்டில் பொது மன்னிப்பு அறிவித்திருந்தார்கள். பாஸ்போர்ட் நகலும் கையெழுத்திட்ட மனுவும் ஜெகபர் அலிக்கு வந்திருந்தால், அவர் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்திருப்பார்.

"வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிருச்சும்மா" என்றார் ஜெகபர் அலி. "அனுப்பியாச்சுன்னு அவரு அங்க உக்காந்திருக்காரு. அனுப்பலையே, வர இஷ்டமில்ல போலன்னு நான் இங்க உக்காந்திருக்கேன்."

பிறகு கேட்டார்: "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

ஜெகபர் அலி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

பிச்சமுத்துவின் மனைவி பவுனம்மாள் மணப்பாறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. மறுநாள் அனுசுயா அங்கே போனார். பள்ளிக்கூடம் விடும்வரை கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு வந்த பவுனம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துப் போயிருக்கிறார். பவுனம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப அவரு போட்டாரா?"

"போட்டாருங்க. செவ்வாய்க்கிழமை, பதினொண்ணு நாப்பதுக்கு."

பவுனம்மாள் வேன் நின்றிருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிச்சமுத்துவுக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறது, அதனால்தான் காகிதம் அனுப்பவில்லை என்று கொழுந்தனார் வீட்டில் பேசியிருந்தார்கள். கெடு முடிந்த பிறகு, யார் யாருடைய ஃபோனையோ கெஞ்சி வாங்கி பிச்சமுத்து மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். "போட்டுட்டேன் பவுனு" என்று சொன்னதற்கு, "பொய் சொல்லாதீங்க" என்று இவர் வைத்திருக்கிறார். மூன்றாவது முறை எடுக்கவே இல்லை.

அந்த மெயிலின் விவரம் இருந்த தாளை எனக்குத் தருவீர்களா என்று கேட்டு, பவுனம்மாள் வாங்கி வைத்துக்கொண்டார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. எந்த வரி என்று அனுசுயா பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தார்.

பிச்சமுத்து இன்னும் அங்கேதான் இருக்கிறார். பாதியில் நின்ற ஒரு கட்டடத்தில் படுக்கை. காகிதம் இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது, பகலில் தெருவில் நடக்க முடியாது. அடுத்த பொது மன்னிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஜெகபர் அலி பதினோரு மனு அனுப்பிவிட்டார். எதற்கும் பதில் இல்லை.

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை அனுசுயா பாலக்கரைக்குப் போய், வருகிறவர்களுக்கெல்லாம் விண்ணப்பம் டைப் செய்து கொடுக்கிறார். மனசு ஆறுவதற்காகவா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "ஆறலைங்க" என்றார். "பவுனம்மா அன்னிக்குத்தான் வருவாங்க." வேலையை விட்டுவிட வேண்டியதுதானே என்றும் கேட்டேன். "விட்டுட்டா அந்த வரிசைய யாரு பார்ப்பா?" பிளகின் இப்போது சரியாகத்தான் வேலை செய்கிறது. அன்றைக்குப் பிறகு ஒரு மெயில்கூடத் தொலையவில்லை. அதைச் சொன்னால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

போன மாதம் நானும் கூடப் போயிருந்தேன். பதினோரு மணிவாக்கில் பவுனம்மாளின் ஃபோனில் வீடியோ கால் வந்தது. தாடியும் ஒட்டிய கன்னமுமாக ஒரு முகம், பின்னால் பூசாத செங்கல் சுவர். இருவரும் பிள்ளையின் காய்ச்சலைப் பற்றிப் பேசினார்கள். அனுசுயா எப்போதும் போல எழுந்து மாடிப்படிப் பக்கம் போகப் பார்த்தார். பவுனம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மெயில்காரம்மா இங்கதான் இருக்காங்க. ஒரு வார்த்தை பேசுங்க."

ஃபோன் அனுசுயாவின் கைக்கு வந்தது.

"நல்லாயிருக்கீங்களாம்மா?" என்றார் பிச்சமுத்து.

அனுசுயா தலையை மட்டும் அசைத்தார்.

"உங்கள ஒண்ணும் சொல்லலம்மா. ஒண்ணு கேக்கணும். இங்க ஒருத்தரு புதுசா ஒரு மனு எழுதிக் குடுத்திருக்காரு. மெயில்ல போட்டா இப்ப வந்துருமாங்க?"

அனுசுயா மேசைமேல் பேனாவைத் தேடினார். ஜெகபர் அலி டைப் அடிப்பதை நிறுத்தினார். "வரும்னு சொல்லும்மா" என்றார் மெதுவாக. அனுசுயா மேசையில் கிடந்த ஒரு பழைய விண்ணப்பத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் தன் செல் நம்பரையும் 'போட்டதும் கூப்பிடுங்க' என்பதையும் பெரிய எழுத்தில் எழுதி, திரைக்கு நேராகப் பிடித்தார்.

"எழுதிக்கிறேம்மா, இருங்க." பிச்சமுத்து குனிந்து பென்சில் துண்டு ஒன்றை எடுத்தார். சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் ஒவ்வொரு எண்ணாகச் சத்தம் போட்டுச் சொல்லி எழுதினார். ஐந்து எண் முடிந்தது. யாரோ அரபியில் கூப்பிட்டார்கள். ஒரு கை குறுக்கே வந்தது. ஆறாவது எண்ணோடு திரை அணைந்தது.

"ஃபோன் குடுத்தவரு திருப்பிக் கேட்டிருப்பாரு" என்றார் பவுனம்மாள்.

அனுசுயா அணைந்த திரைக்கு முன்னால் அந்தத் தாளைப் பிடித்தபடியே இருந்தார்.