காட்டுமாடு கேட்ட பாட்டு

போன வாரம் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பிரபு ஒரு பழைய கையடக்க வீடியோ கேம் பெட்டியை என் மேசையில் வைத்து, நகைக்கடைக்காரர் மாதிரி துணியை மெல்ல விலக்கினார். எங்கேயோ வெளிநாட்டில் தேடிப்பிடித்து வரவழைத்தாராம். "இந்த மாடல் யார்கிட்டயும் இருக்காதுக்கா. கம்பெனியே காணாமப் போயிருச்சு" என்றார். பேட்டரி மூடியைத் திறந்ததும் துருவும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த வாடை வந்தது. கூடவே எனக்குக் கேரட் தோட்டத்து ஈரமண் வாடையும் அடித்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதே பெட்டி எங்கள் வீட்டு பீரோவில் கிடக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை.

கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் எங்கள் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து கேரட் பிடுங்கித் தின்ற ஒரு டூரிஸ்ட் குடும்பம் மறந்து விட்டுப்போனது அது. நான் எட்டாவது, செல்வி அக்கா பிளஸ் டூ. தேடிக்கொண்டு வருவார்கள் என்று ரொம்ப நாள் ரோட்டைப் பார்த்திருந்தோம். வந்துவிடக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் பார்த்திருந்தோம், அது வேறு விஷயம்.

பெட்டியின் பெருமை என்னவென்றால், சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் அது கிடையாது. அதன் சிறுமையும் அதுதான். உள்ளே ஒரே ஒரு விளையாட்டு. குட்டி மனுஷன் உருண்டுவரும் பாறைகளைத் தாண்டி மலையேற வேண்டும். வேறு விளையாட்டு வாங்கக் கொடைக்கானலில் கடை கடையாக ஏறி இறங்கினோம். "இது என்னா பிராண்டுன்னே தெரியலையேம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். திரையில் வெளிச்சம் கிடையாது, வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் படம் தெரியும். எங்கள் ஊரில் வெயிலுக்கு எங்கே போவது? பேட்டரியை வேறு சும்மா விழுங்கும். அக்கா மலையுச்சிக்கே போய்விடுவாள். நான் இன்றுவரை மூன்றாவது பாறையைத் தாண்டியதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, சத்தத்தைக் குறைக்க அதில் வழியே இல்லை. விளையாடாமல் வைத்தாலும் தொடக்கப் பாட்டு திரும்பத் திரும்ப ஓடும். கிணுகிணுவென்று தகரத்தில் ஊசிகளைக் கொட்டின மாதிரி ஒரு பாட்டு. அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். அப்பாவுக்கு மட்டும் அதில் ஒரு யோசனை தோன்றியது. ஒருநாள் அக்கா தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது, வேலியோரம் வந்த காட்டுமாடு ஒன்று அந்தச் சத்தத்துக்கு மிரண்டு சோலைக்காட்டுக்குள் ஓடியதை அவர் பார்த்துவிட்டார்.

"ஏ புள்ள, வெடிக்கு ஓடாத மாடு இதுக்கு ஓடுது பாத்தியா!"

அவ்வளவுதான், எங்கள் விளையாட்டு முடிந்தது. பெட்டியைப் பாலித்தீன் பையில் போட்டு, தோட்டத்து நடுவில் கம்பம் நட்டுக் கட்டிவிட்டார். அந்தப் போகம் முழுக்க ஒரு செடி மிதிபடவில்லை. அப்பா ஊருக்குள் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே, அந்தப் பெட்டியை அவரே கண்டுபிடித்த மாதிரி.

அடுத்த போகத்தில் அக்காதான் முதலில் பார்த்தாள். கம்பத்தைச் சுற்றிக் குளம்புத் தடம். செடி எதுவும் கடிபடவில்லை, வந்த வழியும் போன வழியும் மட்டும் மிதிபட்டிருந்தன. கம்பத்தடியில் மண் இறுகிக் கிடந்தது.

"இங்கனயே ரொம்ப நேரம் நின்னிருக்குடி" என்றாள். "பாட்டுக் கேட்டுக்கிட்டு."

அப்பா சிரித்தார். "மாட்டுக்கு வேற சோலி இல்லையாக்கும்?"

அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே மஞ்சு, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. பாட்டு இளைத்துக்கொண்டே வந்தது. அப்பா கொடைக்கானலில் வாங்கிவந்த புதுப் பேட்டரிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வழக்கமாக வாங்கும் மட்டமான சரக்கு இல்லை, நல்ல பேட்டரி. "மாத்திட்டு வெரசா வந்துர்றேன். டீயப் போடச் சொல்லு" என்று மஞ்சுக்குள் இறங்கினார். நாங்கள் இரண்டு பேரும் வரப்பில் நின்றோம். பாட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் புதுத் தெம்போடு மறுபடி தொடங்கியது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், தும்முகிற மாதிரி ஒரு சத்தம். அடுத்து அப்பாவின் குரல், கத்தாமல், நிதானமாக: "புள்ளைகளா, வராதீங்க. அங்கனயே நில்லுங்க."

பிறகு பாட்டு மட்டும்தான் வந்தது.

மஞ்சு விலகியபோது அப்பா கம்பத்தடியில் கிடந்தார். கை அசைந்தது. அவருக்குப் பக்கத்தில் அந்த மாடு, தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. ஊரே திரண்டு தகரம் தட்டியது, வெடி போட்டது, பந்தம் காட்டியது. துரத்திக்கொண்டு வரும், ஆட்கள் பின்வாங்கியதும் போய்க் கம்பத்தடியிலேயே நின்றுகொள்ளும். பாட்டை நிறுத்தினால் போய்விடும் என்று அக்கா அழுதாள். நிறுத்த யார் போவது? எப்போதும் பாதியில் காலை வாரும் அந்தப் பெட்டி, அன்றைக்குப் பார்த்து ஓடிக்கொண்டே இருந்தது. இருட்டத் தொடங்கியபோதுதான் பாட்டு தேய்ந்து நின்றது. மாடு நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சோலைக்குள் போனது. அப்பாவின் கை அசைவது அதற்கு வெகுநேரம் முன்பே நின்றிருந்தது.

தோட்டத்தை விற்றுவிட்டுப் பழனிக்கு இறங்கிவிட்டோம். பிரபுவின் பெட்டியைப் பார்த்த பிறகு மனசு கேட்காமல், சனிக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். கேரட் இல்லை, வரப்பு இல்லை, கம்பம் நின்ற இடத்தில் புல்தரையும் மூங்கில் நாற்காலிகளுமாக ஒரு காட்டேஜ். அக்கா காரை விட்டு இறங்கவில்லை. புல்தரையில் பெரிய ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கம்பி வேலிக்கு அப்பால் மஞ்சில் மூன்று காட்டுமாடுகள் தலையைத் தாழ்த்தி நின்றன. டூரிஸ்ட்டுகள் குழந்தைகளை வேலியருகே நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

"டெய்லி வரும் மேடம்" என்றார் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்மணி, பெருமையாக. "சாங் போட்டாப் போதும், கிட்டக்க வந்துரும். கெஸ்ட்டுக்கெல்லாம் அதான் ரொம்பப் பிடிச்சிருக்கு."

"நிறுத்திருங்கம்மா" என்றேன். "எதுக்கு மேடம்?" என்று சிரித்தார். எங்கள் அப்பாவைத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் யாருமே மிச்சமில்லை போலிருக்கிறது. சொல்லிப் பார்த்தேன். கதை கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டு டீ வேண்டுமா என்றார்.

காருக்குத் திரும்பியபோது அக்கா கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாட்டு நின்னுருச்சாடி?"

"இல்லக்கா. ஓடிக்கிட்டுத்தான் கெடக்கு."