மேட்டை ஒட்டிய இரண்டு மா

பேரளத்திலிருந்து காரைக்கால் செல்லும் ரயில்பாதை போடப்பட்டபோது, இந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ஆட்சி, அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. பாதையோரத்துக் கீழத்தெருவுக்கு எல்லை ஒரு வாய்க்கால்தான். வீடுகள் இந்தப் பக்கம். சுடுகாடு அந்தப் பக்கம். பிணத்திடம் பாஸ்போர்ட் கேட்டவர் எவருமில்லை.

எண்பதுகளில் ரயில் நின்றது. பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். எஞ்சிய மேட்டின் மீதே கீழத்தெருவார் பாடை தூக்கிச் சென்றார்கள்.

வைரக்கண்ணுவும் மனைவி கண்ணாத்தாளும் கூலிக்கு உழைத்துச் சேர்த்த பணத்தில் அந்த மேட்டை ஒட்டி இரண்டு மா நிலம் வாங்கினார்கள். அதன் குறுக்கே சுடுகாட்டுக்குப் போகும் பழைய தடம் கிடந்தது. மேடு இருக்கையில் தடம் எதற்கு என்று வைரக்கண்ணு அதையும் உழுது வயலோடு சேர்த்தார். தெருவில் எவரும் தடுக்கவில்லை. ரயில் திரும்பி வருமென்று யார் கண்டது?

வந்தது. மேட்டில் புதுத் தண்டவாளம், மேலே மின்கம்பி, ஓரத்தில் வேலி. அந்த மார்கழியில் வைரக்கண்ணு இறந்தார். வயலில் சம்பா பால் பிடித்து நின்றது.

வேன் பிடித்துத் தார்ச்சாலை வழியே சுற்றிப் போகலாம் என்றார் மகன் புகழேந்தி, கல்லூரி ஆசிரியர். வைரக்கண்ணுவின் தம்பி மருதையன் ஒப்பவில்லை. வண்டியில் ஏற்றினால், தோள்கொடுக்க ஆளில்லாமல் போனவர் என்று பெயராகிவிடும் என்றார்.

"அப்ப தடம் எங்க இருக்கு, காட்டுங்க சித்தப்பா. அப்பாதான் உழுதுட்டாரே."

கண்ணாத்தாள் எழுந்து கூரையில் செருகியிருந்த கதிரறுவாளை எடுத்தார். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை என்று மருதையன் நினைவுபடுத்தினார்.

"சுடுகாட்டுக்கு வரலை தம்பி. என் வயலுக்குப் போறேன்."

"பால் கதிரு, அண்ணி."

"நெல்லு அடுத்த வருசமும் வெளையும். அவரை இன்னிக்குத்தான் தூக்கணும்."

பாடையின் அகலத்துக்கு அறுத்துக்கொண்டே முன்னால் போனார். அறுத்த தாளைச் சேற்றின் மேல் பரப்பியபடி புகழேந்தி பின்னால் வந்தார். தூக்கியவர்களின் கால் புதையவில்லை. வாய்க்கால் மதகடியில் கண்ணாத்தாள் நின்றுகொண்டார். பாடை அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது.

எஞ்சிய வயல் அறுவடையானதும் சர்வேயரை வரவழைத்து, அந்தத் தடத்தை அளந்து, தெருவின் பொதுவழியாக எழுதிக் கொடுத்தார். கணவர் செய்தது பிழையென்று அவர் சொன்னதில்லை. பிறர் சொல்லவும் விட்டதில்லை.

இருவரும் சேர்ந்து வாழ்ந்தது ஐம்பத்து நான்கு ஆண்டுகள்.